பதினொன்றில் ஒருவர்: காயத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பிய இருவர், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் தொழிலாளர் நல அலுவலராக வேலை பார்த்தேன். 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையில் அப்படி ஒருவரை வைத்தே ஆக வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. எங்கள் ஆலையில் காண்டிராக்ட் ஆட்களையும் சேர்த்து 600-ஐத் தாண்டும்.

2018-இல், எட்டு மாத இடைவெளியில், இரண்டு பேர் காயப்பட்டார்கள். முதலாமவர் பிரஸ் ஷாப்காரர், அதாவது தகட்டை மிஷினில் அழுத்தி உருப்படி அடிக்கும் பிரிவு. தேறி வந்தார், 41-ஆம் நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாமவர் பேக்கிங் பிரிவில் வேலை செய்த அம்மா. தேறி வந்தார், நான் அங்கிருந்து விலகும் வரை வேலையில் இருந்தார். இருவருக்கும் ஒரே கேட், ஒரே கேன்டீன், ஒரே நிர்வாகம். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடியதன் பதிவு இது. பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

முதல் நிகழ்வு

அவருக்கு 34 வயது, வந்தவாசிப் பக்கத்து ஊர். 100 டன் பிரஸ்ஸில் ஒன்பது வருட அனுபவம். டை (மிஷினில் பொருத்தும் அச்சு) மாற்றும்போது சத்தத்தை வைத்தே எங்கே தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். புதுப் பையன்களுக்கு அவர்தான் வாத்தியார்.

இரவு ஷிப்டில் மூன்று மணி வாக்கில் விபத்து. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்தான் ராம், அதாவது மிஷினின் அழுத்தும் பாகம், இறங்க வேண்டும். அது வேகத்தைக் குறைக்கிறது என்பதற்காக அந்த மிஷினை மாதக் கணக்கில் கால் பெடலுக்கு மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபரேட்டருக்கும் சூப்பர்வைசருக்கும் மெயின்டெனன்ஸுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவும் நடுவிரலின் நுனியும் போயின.

விசாரணை அறிக்கை மூன்றாம் நாளே தயாரானது. காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று இருந்தது. அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆலைக்குள் அறிக்கையைப் படித்தவர்கள் ஐந்தாறு பேர்தான், ஆனால் அதன் சாரம் கேன்டீன் வரை ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. தூங்கி வழிந்து கையை விட்டுட்டான் என்பதாக.

கேட்டுக்கு உள்ளே பெரிய பலகை ஒன்று உண்டு, 'விபத்தில்லா நாட்கள்' என்று. அன்றிரவு அதில் 211 என்று இருந்தது. 250-ஐத் தொட்டால் பிரஸ் ஷாப்பில் ஆளுக்கு ஒரு பிரஷர் குக்கர் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. மறுநாள் காலை பலகையில் பூஜ்யம். அன்றிலிருந்து ஒரு மனிதரின் விரலும் ஐம்பது குடும்பத்தின் குக்கரும் ஒரே கணக்கில் வந்துவிட்டன. நல்ல எண்ணத்தோடு வைத்த பலகைதான். ஆனால் அது செய்த வேலை வேறு. சிறு காயங்களை மறைக்கச் சொல்லிக் கொடுத்தது. 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வர முடியாத காயமென்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவு. அதனால் கையில் கட்டோடு ஆளை வரவழைத்து, கார்டு பஞ்ச் பண்ணவைத்து, ஸ்டோரில் ஒரு ஸ்டூலில் எட்டு மணி நேரம் உட்காரவைக்கும் பழக்கம் ஊறிப் போயிருந்தது. வெட்டுப்பட்ட விரலை அப்படி மறைக்க முடியாது. ஆகவே கோபம் எல்லாம் அவர் மேல் திரும்பியது.

அவர் 92 நாள் வீட்டில் இருந்தார். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டிலிருந்து தற்காலிக ஊனப் பயன் வந்தது, சராசரி நாள் கூலியில் 90 சதவீதம். பணத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் அந்த 92 நாளில் ஆலையிலிருந்து அவருக்குப் போனவை இரண்டு தொலைபேசி அழைப்புகள் மட்டுமே. இரண்டும் என் அலுவலகத்திலிருந்து, இரண்டும் படிவத்தில் கையெழுத்துக் கேட்டு. சூப்பர்வைசர் போகவில்லை. போனால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சக தொழிலாளர்கள் சிலர் போக நினைத்தார்கள். சூப்பர்வைசரே போகாதபோது நாம் போனால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று நின்றுவிட்டார்கள்.

பிறகு மருத்துவ வாரியம். ஈ.எஸ்.ஐ. சட்ட அட்டவணைப்படி ஆள்காட்டி விரலில் இரண்டு கணு இழந்தால் 11 சதவீதம், எலும்பு போகாமல் நடுவிரல் நுனி மட்டும் போனால் 4. மொத்தம் 15 சதவீத உழைப்புத் திறன் இழப்பு. அவருடைய நாள் கூலி 600 ரூபாய். அதில் 90 சதவீதம் 540, அதில் 15 சதவீதம் 81. நாளுக்கு 81 ரூபாய், ஆயுள் முழுக்க.

டாக்டர் 'வேலைக்குத் தகுதி' என்று சான்று எழுதினார். எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று ஒன்றும் இல்லை. அப்படி எழுதும் வழக்கமே இல்லை.

அந்த 41 நாட்கள்

முப்பது நாள் லைட் டியூட்டி என்று பர்சனல் பிரிவு உத்தரவு போட்டது. பிரஸ் ஷாப்பிலேயே இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்கார்ந்து, வரும் உருப்படிகளைப் பார்த்துப் பிரிக்கும் வேலை. காகிதத்தில் பார்த்தால் மனிதாபிமானமான ஏற்பாடு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் பார்க்காமல் விட்டது ஆள் கணக்கை. அந்த லைனுக்கு 11 ஆபரேட்டர்கள், ஷிப்டுக்கு 19,800 உருப்படி டார்கெட், ஆளுக்கு 1,800. அவர் திரும்பி வந்த அன்று பிளானிங் ஷீட்டில் மறுபடியும் 11 என்று ஏறியது. ஆனால் பிரஸ்ஸில் நின்றது 10 பேர். டார்கெட் குறையவில்லை. பத்துப் பேரும் ஆளுக்கு 1,980 அடிக்க வேண்டியிருந்தது. கூடுதல் 180. ஓர் உருப்படிக்கு 15 வினாடி என்றால் 45 நிமிடம். டார்கெட் முடியாமல் நின்று முடிப்பதால் அதற்கு ஓ.டி.யும் (கூடுதல் நேரக் கூலியும்) கிடையாது.

அவர் வேலைக்கு வராத மூன்று மாதமும் லைனுக்கு ஒரு காண்டிராக்ட் பையன் வந்துகொண்டிருந்தான், 11-ஆவது ஆளாக. இவர் வந்ததும் அவனை எடுத்துவிட்டார்கள். ஆக, அவர் இல்லாதபோது இருந்ததைவிட அவர் வந்த பிறகு எல்லோருக்கும் வேலை கூடிற்று. இதைவிடத் திறமையாக ஒரு மனிதரை அவருடைய சொந்த லைனுக்கே எதிரியாக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணே, கை எப்படி இருக்குது?" என்று கேட்டார்கள். இரண்டாம் வாரம் குக்கர் பேச்சு வந்தது, விளையாட்டாகத்தான். "அண்ணி கிட்ட சொல்லு, எங்க வீட்டு குக்கர் உன் விரல்ல போச்சுன்னு." மூன்றாம் வாரம் சிரிப்பு போய்விட்டது. கையைக் காட்டி உட்கார்ந்து சம்பளம் வாங்குறான் என்று ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. சொன்னவர் கெட்டவர் அல்ல. அவர் வீட்டில் கைக்குழந்தை. 45 நிமிடம் தாமதமானால் கம்பெனி பஸ் போய்விடும், ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசு.

சூப்பர்வைசரை மேலிருந்து நெருக்கினார்கள். அவர் இவரை மேசையிலிருந்து எழுப்பி டிராலி தள்ளச் சொன்னார். தழும்பு ஆறியிருந்தாலும் வெட்டுப்பட்ட நுனியில் இரும்புக் கைப்பிடி பட்டால் மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும் என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அன்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடிக்கிறான் என்பார்கள். கையை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். கேன்டீனுக்குக் கடைசி ஆளாக வந்தார். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்பதற்காக.

முப்பது நாள் முடிந்து மறுபடி பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். அதே மிஷின். இரண்டு கை பட்டனைச் சரிசெய்திருந்தார்கள். ஆனால் அவருக்கு ராம் இறங்கும்போதெல்லாம் தோள் உதறியது. நான்கு நாள் சொல்லாமல் லீவு. மெமோ போனது. 41-ஆம் நாள் ராஜினாமாக் கடிதம், காரணம்: சொந்தக் காரணம்.

தற்காலிக ஊனப் பயன் பெறும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று அன்றைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. நாங்கள் எடுக்கவில்லை. ஒரு விதியையும் மீறவில்லை. மெமோகூட ஆலையின் நிலையாணைப்படி, அதாவது அதன் பணி விதிகளின்படி, சரியானதுதான். எல்லாம் சரியாக இருந்து, ஒன்பது வருட வாத்தியார் போய்விட்டார்.

இரண்டாம் நிகழ்வு

பேக்கிங் பிரிவில் ஒரு அம்மா, 41 வயது, எல்லோருக்கும் 'அக்கா'. ஏற்றுமதி பாக்ஸ் இறக்கும்போது லோடிங் மேடையிலிருந்து விழுந்து முன்கையில் எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள்.

அந்தப் பிரிவின் ஃபோர்மேன் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். மூன்றாம் நாள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. போய், "நீ எப்படி விழுந்தேன்னு அப்புறம் பேசிக்கலாம். அந்த மேடை ஓரத்துல கம்பி இல்லாதது என் தப்பு" என்று சொல்லியிருக்கிறார். கூடப் போன பெண்கள் அதைக் கேட்டார்கள். மறுநாள் பிரிவு முழுக்க அதுதான் பேச்சு. முதல் நிகழ்வில் விசாரணை அறிக்கை செய்த வேலையை இங்கே இந்த ஒரு வாக்கியம் நேர் எதிராகச் செய்தது.

பத்தாம் வாரம் அக்கா திரும்புவதற்கு முன் ஃபோர்மேன் பிளானிங் அறைக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். "சார், அக்காவை ஆறு வாரத்துக்கு அரை ஆளுன்னு எழுதுங்க. முழு ஆளுன்னு எழுதிட்டு டார்கெட் கேட்டீங்கன்னா மத்த பிள்ளைங்க அவங்களத்தான் பாத்துப் பல்லக் கடிக்கும்" என்றார். அரை ஆள் என்று எழுத ஷீட்டில் இடமில்லை என்றார் பிளானர். பேனாவை வாங்கி 9-ஐ அடித்து 8½ என்று எழுதினார் ஃபோர்மேன். டார்கெட்டும் அந்த அளவுக்குக் குறைந்தது. ஆறு வாரத்துக்கு, ஒரே ஒரு லைனில்.

வேலைப் பங்கீட்டைப் பிரிவில் உள்ளவர்களையே பேசி முடிக்கச் சொன்னார். லேபிள் ஒட்டுவது, ஸ்கேன் செய்வது அக்காவுக்கு. அட்டைப்பெட்டி தூக்குவது மற்றவர்களுக்கு. பதிலுக்கு மற்றவர்களின் கணக்குப் பேரேட்டை அக்கா எழுதிக் கொடுப்பார். சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல யாருக்கும் வாய்ப்பில்லை. 17-ஆம் வாரம் அவர் முழு ஆளாக ஏறினார்.

இரண்டையும் ஒப்பிடுவதில் எல்லை உண்டு. எலும்பு கூடும், விரல் முளைக்காது. பிரஸ் மிஷின் தரும் பயத்தை அட்டைப்பெட்டி தராது. பேக்கிங்கில் மாற்று வேலைகள் அதிகம். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் இருப்பதைத்தான் பேச விரும்புகிறேன்.

கலாச்சாரம் எங்கே இருக்கிறது

பணியிடக் கலாச்சாரம் என்றதும் நிர்வாகங்கள் சுவரொட்டி அடிக்கும், பயிற்சி வகுப்பு வைக்கும். எங்கள் ஆலையில் கலாச்சாரம் இருந்த இடம் பிளானிங் ஷீட்டில் ஆள் எண்ணிக்கை எழுதும் கட்டம். அதில் 11 என்று எழுதியதும் பத்துப் பேரின் மனநிலை முடிவாகிவிட்டது. 8½ என்று எழுதியதும் எட்டுப் பேரின் மனநிலை வேறு விதமாக முடிவானது. கருணை உள்ளவர்கள் இரண்டு பிரிவிலும் இருந்தார்கள். ஒரு பிரிவில் கருணைக்கு 45 நிமிடம் விலை வைத்தோம், இன்னொன்றில் வைக்கவில்லை.

டொரண்டோவில் உள்ள வேலை மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம் வேலைக்குத் திரும்புவது பற்றி 2007-இல் வெளியிட்ட ஏழு கோட்பாடுகளில் ஒன்று இதைத்தான் சொல்கிறது. திரும்பி வருபவருக்கு உதவும் திட்டம் சக தொழிலாளர்களையும் சூப்பர்வைசரையும் நட்டப்படுத்தக் கூடாது. காயப்பட்டவரை ஆலையிலிருந்து சீக்கிரமே, அக்கறையோடு தொடர்புகொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. இவற்றை நான் படித்தது முதலாமவர் போன பிறகு. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அந்த ஃபோர்மேன் படிக்காமலே செய்தார்.

சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் இரண்டே நிலைதான்: வேலைக்குத் தகுதியில்லை, தகுதி உண்டு. வேலை செய்து கூலி வாங்கிய நாளுக்குத் தற்காலிக ஊனப் பயன் கிடையாது. நடுவில் படி இல்லை. ஜெர்மனியில் படிப்படியாகத் திரும்பும் முறை ஒன்று உண்டு. நாளுக்கு இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி என்று கூட்டிக்கொண்டே போகும் அந்த வாரங்களில் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் வேலைக்குத் தகுதியில்லாதவரே. வருமானம் காப்பீட்டிலிருந்து வரும். ஆக லைன் கணக்கில் அவர் தலை ஏறாது. வருடத்தில் ஆறு வாரத்துக்கு மேல் உடல்நலமில்லாமல் இருந்த எவரையும் அழைத்து, எப்படித் திரும்புவது என்று பேசும் கடமை முதலாளிக்கு 2004 முதல் அங்கே இருக்கிறது. ஃபோர்மேன் பேனாவால் செய்ததை அங்கே சட்டமே செய்கிறது.

இங்கே அரசு ஊழியருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பொருத்தமான வேலை இல்லையென்றால் கூடுதல் பணியிடமே உருவாக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-ஆம் பிரிவு. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது. ஆனால் பஞ்சாப் மின்வாரியத்தில் பணிக்காலத்திலேயே பார்வை இழந்த ஓர் உதவி லைன்மேன், தனக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் ஓய்வு கேட்டு எழுத, அதையே சாக்காக வைத்து அவரை அனுப்பிவிட்டார்கள். 2008-இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னதோடு, அதிகாரிகளின் உணர்வற்ற போக்கையும் கண்டித்தது. அவர் கடிதமும் எங்கள் ஆலையின் 'சொந்தக் காரணம்' கடிதமும் ஒரே சாதி. சட்டம் இருந்த இடத்திலேயே அலுவலகப் பழக்கம் அதை முழுங்கிவிட்டது. தனியார் ஆலைக்கு அந்தப் பிரிவும் பொருந்தாது.

வேறு வேலை எங்கே இருக்கிறது, எல்லாம் கை வேலைதானே என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். ஹென்றி ஃபோர்டு தன் ஆலையின் 7,882 வகை வேலைகளையும் தரம் பிரித்துப் பார்த்ததாக 1922-இல் எழுதினார். இரண்டு காலும் இல்லாதவர்கள் செய்யக்கூடியவை 670, ஒரு கால் உள்ளவர்கள் செய்யக்கூடியவை 2,637, ஒரு கை உள்ளவர்கள் செய்யக்கூடியவை 715 என்று கணக்கு. ஃபோர்டின் ஆலை தொழிலாளருக்குச் சொர்க்கமாக இருந்ததில்லை. ஆனாலும் எண்ணிப் பார்த்தார். நாங்கள் எண்ணியதே இல்லை. பிறகு நான் உட்கார்ந்து எங்கள் பிரஸ் ஷாப்பில் எண்ணினேன். 38 வகை வேலை, அதில் வலது கையில் மூன்று விரலை வைத்துக்கொண்டு முழுத் திறமையாகச் செய்யக்கூடியவை ஒன்பது. டை செட்டிங்கில் பக்கத்தில் நின்று சத்தம் கேட்டுச் சொல்வதும் அந்த ஒன்பதில் ஒன்று. அதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

பின்னர்

ஷீட்டில் 'தேறி வருபவர்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் இழுத்து, ஏற்றுக்கொண்டார்கள். எட்டு வாரம் வரை அவர் தலை டார்கெட்டில் சேராது. குக்கர் பரிசை நிறுத்தினார்கள். பலகையை எடுக்கவில்லை, வாடிக்கையாளர் தணிக்கைக்கு வரும்போது கேட்பார்களாம். விசாரணை அறிக்கையில் காயப்பட்டவரின் வாக்குமூலம் இல்லாமல் காரணம் எழுதக் கூடாது என்பதை மட்டும் கடைசி வரை ஏற்கவில்லை.

முதலாமவர் இப்போது வந்தவாசியில் தன் அண்ணனின் கோரைப்பாய்த் தறியில் இருக்கிறார். நிரந்தர ஊனப் பயனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். அதற்காக வந்தபோது ஒரு முறை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலக வாசலில் சந்தித்தேன். டீக்கடையில் உட்கார்ந்தோம். வலது கையில் டம்ளரைப் பிடித்திருந்தார். ஆள் கணக்கு, 45 நிமிடம், டார்கெட் என்று நான் கண்டுபிடித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் அப்புறம் வந்தது சார். திரும்பி வந்த மொத நாள் காலைல லாக்கர் ரூமுக்குப் போனேன். என் லாக்கர்ல வேற பேரு ஒட்டியிருந்துச்சு. செருப்பு, டிபன் பாக்ஸ், சாமி படம் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டில கட்டி மேல வச்சிருந்தாங்க. அன்னைக்கே தெரிஞ்சிடுச்சு."

என் குறிப்புகளில் லாக்கர் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் வாரம், காண்டிராக்ட் பையனுக்கு லாக்கர் வேண்டும் என்று ஸ்டோரிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அதில் ஒப்புதல் கையெழுத்து என்னுடையது.